வானிலைக்காரன் வீட்டு ஃப்ரீசர்

ரென்ஸோ வால்டிவியா அழுது முடித்ததும் கண்ணாடிக் கதவில் தன் முகத்தைச் சரிபார்த்துக்கொண்டான். அதைப் பார்த்ததிலிருந்து துப்பறியும் மகாலி அரோச்சாவுக்கு அவன் கொடுத்த எலுமிச்சைச் சாறு தொண்டையில் இறங்க மறுத்தது.

மயாமியில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. ஜூனில் தொடங்கி நவம்பர் வரை, புயல் காலம் முழுக்க, சாயங்காலச் செய்தியில் வரைபடத்தின் முன்னால் நின்று, "நிம்மதியாத் தூங்குங்க, நான் முழிச்சிருக்கேன்" என்று சொல்லி முடிப்பான். புயல் எவ்வளவு பெரியது என்பதை ஜனங்கள் அவனுடைய சட்டைக் கையைப் பார்த்து முடிவு செய்தார்கள். முழங்கை வரை மடித்திருந்தால் தண்ணீர் பாட்டில் வாங்க ஓடுவார்கள். மடிக்காவிட்டால் கடற்கரைக்குப் போவார்கள்.

போன வாரம் அவன் மடிக்கவில்லை. அரசாங்க வானிலை மையம் 'எதற்கும் ஜாக்கிரதை' என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, லியோனோர் புயல் தீவுகளைத் தொடாமல் கிழக்கே விலகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அது விலகவில்லை. பஹாமாஸில் ஸ்பூன்பில் என்ற சின்னத் தீவின் மேல் வந்து உட்கார்ந்து, மாவு அரைப்பது போல அரைத்துவிட்டு, அப்புறம்தான் வடக்கே திரும்பியது. மயாமியில் ஒரு சொட்டு மழை இல்லை. ஸ்பூன்பில்லில் ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது வெறும் மணல். விடுமுறைக்கு அங்கே போனவர்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருத்தி ரென்ஸோவின் மனைவி இராய்தா.

"அவளாத்தான் போனா மேடம்," என்றான் ரென்ஸோ. "நான் ஸ்டூடியோல இருந்தேன். 'நாளைக்கே தீவு' கம்பெனில கடைசி நேரத்துல சீப்பா ஒரு ரூம் கிடைச்சுதுன்னு மெசேஜ் வந்துது. வானிலை பாத்தியான்னு கேட்டேன். பாத்துட்டேன்னா."

"எதுல பாத்தாங்க?"

"என் ப்ரோகிராம்லதான். வேற எதுல பாப்பா?" மறுபடியும் கைக்குட்டை மேலே போனது. "நான் சொன்னதை நம்பிச் செத்துட்டா மேடம். இதை நான் எப்படித் தாங்கறது?"

"தாங்கத்தான் சாயங்காலம் நினைவு நிகழ்ச்சி வெச்சிருக்கீங்களே. நேரடி ஒளிபரப்பு வேற," என்றார் சூச்சோ, துக்கம் விசாரிக்கும் குரலில்.

சூச்சோ மகாலியின் உதவியாளர். ஆயுசில் பெரும்பகுதி டாக்சி ஓட்டியவர். பின் சீட்டில் உட்கார்ந்து பொய் சொன்னவர்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்தே மனுஷ ஜாதியைப் படித்தவர். மகாலியைவிட வயதில் மூத்தவர் என்றாலும் அவளைத் 'தாயி' என்பார். அவள் அவரைப் 'பெருசு' என்பாள். இந்த ஊரில் அதுதான் மரியாதை.

ரென்ஸோ அந்தக் குத்தலைக் கவனிக்கவில்லை. "அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். சானல் வக்கீலுங்க ஒரு உறுதி கேக்கறாங்க. அந்த விமானத்துக்கு அவ பேர் கொடுத்திருக்கா, பெட்டி போயிருக்கு. ஆனா அவளை நேர்ல பாத்தேன்னு அங்க ஒருத்தனும் வாயத் திறக்க மாட்டேங்கறான். பாத்த ஆள் ஒருத்தர் போதும். நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்குள்ள வேணும்."

மகாலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏதாவது ஒரு மரத்தைப் பிடிச்சுட்டு உயிரோட இருப்பாங்களான்னு தேடச் சொல்லலையே நீங்க?"

ரென்ஸோவின் முகம் ஒரு கணம் காலியானது. தொலைக்காட்சியில் அடுத்த படம் வருவதற்குள் திரை கறுக்குமே, அப்படி. "அந்தத் தீவோட படத்தைப் பாத்தீங்கள்ல மேடம்?" என்றான்.

அவன் கைப்பேசி அடித்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடந்தான். "கறுப்பு வேணாம்பா, கருநீலம்," என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. "கறுப்பு டை போட்டா கேமராவுல கழுத்து குட்டையாத் தெரியும்."

மகாலி சூச்சோவிடம் திரும்பினாள். "பெருசு, இந்தச் சாறு வெந்நீராட்டம் இருக்கு. கொஞ்சம் ஐஸ் கொண்டு வாங்க. வாயையாவது கழுவிக்கறேன்."

சூச்சோ உள்ளே போனார். மகாலி அப்போதுதான் தன் பாவாடை ஈரமாகியிருப்பதை உணர்ந்தாள். நீச்சல் குளத்தோரம் போட்டிருந்த இரும்பு நாற்காலி அது. மெத்தையின் மேல்துணி காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் நின்றிருந்தது. விரலால் அழுத்தி முகர்ந்து பார்த்தாள். மழைத் தண்ணீரின் வாடை இல்லை. குளத்தில் போடும் மருந்தின் நெடி.

சூச்சோ வெறுங்கையோடு திரும்பி வந்தார். புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன.

"தாயி, ஃப்ரீசர்ல ஒரு அதிசயம்."

"தலையா, காலா?"

"காசு. பேப்பர் கப்புல தண்ணி ஊத்தி உறைய வெச்சு, மேல ஒரு காசு."

மகாலி கோப்பையைக் கீழே வைத்தாள்.

இந்த ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. புயலுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு கப் தண்ணீரை உறையவைத்து மேலே காசு வைத்துவிட்டுப் போவார்கள். ஊரில் இல்லாதபோது மின்சாரம் போனால் ஐஸ் உருகும், காசு அடிக்குப் போய்விடும். அப்புறம் மின்சாரம் வந்து எல்லாம் மறுபடி உறைந்தாலும் காசு இருக்கும் இடம் உண்மையைச் சொல்லிவிடும். காசு அடியில் கிடந்தால் உள்ளே உள்ள இறைச்சியைத் தூக்கி எறிய வேண்டும். வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் இந்த வித்தையை டிவியில் சொல்லிக் கொடுப்பவன் வேறு யாருமில்லை, ரென்ஸோதான்.

"யாரு வெச்சது?" என்றாள்.

"காசு மேல கையெழுத்துப் போட்டு வெக்கலை தாயி."

"சரி, நான் எது மேல உக்காந்திருக்கேன் சொல்லுங்க."

சூச்சோ மெத்தையைத் தொட்டார், முகர்ந்தார், குளத்தைப் பார்த்தார். மெல்ல விசிலடித்தார். புயல் வருகிறதென்றால் முற்றத்து நாற்காலியைக் காற்று தூக்கி ஜன்னலில் அடிக்காமலிருக்க, குளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதைக் குளத்துக்குள் தள்ளி மூழ்கடித்துவிடுவார்கள்.

"ஊரைத் தூங்கச் சொல்லிட்டு இவன் நாற்காலியை முக்கியிருக்கானே," என்றார் சூச்சோ. "சட்டைக் கையை டிவில மடிக்காம வீட்ல மடிச்சிருக்கான்."

ரென்ஸோ திரும்பி வந்தான். மகாலி எழுந்து பாவாடையை உதறிக்கொண்டாள். "புயல் அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஸ்டூடியோலதான். அங்கேயே படுத்துக்கிட்டேன். எப்பவும் அப்படித்தான்."

"போறதுக்கு முந்தி வீட்ல எதுவும் எடுத்து வெக்கலையா? ஷட்டர், தண்ணி, அந்த மாதிரி?"

ரென்ஸோ சோகமாகச் சிரித்தான். லட்சம் வீடுகள் நம்பிய சிரிப்பு. "எதுக்கு மேடம்? இந்தப் பக்கம் வராதுன்னு நான்தானே சொன்னேன்? நானே நம்பலேன்னா எப்படி?"

"அதானே," என்றாள் மகாலி.

இருவரும் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள்.

"துப்பணும் போல இருக்கு," என்றாள்.

"ஜன்னல் உன் பக்கம்தான் இருக்கு." சூச்சோ வண்டியைக் கிளப்பினார். "சரி, சொல்லு. காசை வெச்சது இராய்தான்னு வெச்சுக்குவோம்."

"அப்படீன்னா புயல் வரது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சவ தீவுக்குப் போவாளா?"

"மாட்டா. வெச்சது அவன்னா?"

"சமைக்கிறவ அவ. வெளியூர் கிளம்புற பொம்பளை ஃப்ரீசரைத் திறந்து பாக்காமப் போவாளா? என்ன இருக்கு, என்ன கெட்டுப்போகும்னு பாத்திருப்பா. காசையும் பாத்திருப்பா. எந்தப் பக்கமாப் போனாலும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது பெருசு. அவ அந்த விமானத்துல ஏறலை."

சூச்சோ சிவப்பு விளக்கில் நிறுத்தினார். "உயிரோட இருந்துக்கிட்டு புருஷன் டிவில அழறதைப் பாத்துக்கிட்டா இருப்பா?"

"இருப்பா. அவனுக்குப் பயந்தா இருப்பா." மகாலி கண்ணாடியை இறக்கினாள். வெளியே காற்று கொதித்தது. "ஊரே பாக்க அழுதாச்சு அவன். அழுத அழுகைக்கு இப்ப ஒரு பொணம் வேணும். அவ உயிரோட இருக்கான்னு அவனுக்கு நமக்கு முந்தித் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"பொணம் கிடைச்சிடும்," என்றார் சூச்சோ. விளக்கு பச்சையாவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

தீவுகளுக்குப் போகும் குட்டி விமானங்கள் நகரத்தின் ஓரத்தில் ஒரு பழைய கொட்டகையிலிருந்து கிளம்பும். கவுண்டரில் இருந்த ஆளுக்கு மீசை பெரியது, வாய் சின்னது.

"பேர் பதிவாயிருக்கு. பெட்டி போச்சு. அவ்வளவுதான் தெரியும்," என்றான்.

"ஆள் போச்சா?"

"பேர் பதிவாயிருக்கு. பெட்டி போச்சு." சொல்லிவிட்டு அவன் கண்கள் தானாகவே மகாலியின் தோளைத் தாண்டிப் போய்த் திரும்பின.

அந்தக் கண்கள் போன திசையில் ஒரு காப்பி ஜன்னல் இருந்தது. சுவரில் வெட்டிய திறப்பு, அதன் பின்னால் ஒரு சமையலறை, மேலே ஒரு டிவி. கடைக்காரி பெபா. அகலமான பெண், கைகளில் வளையலுக்குப் பதில் தீக்காயத் தழும்புகள்.

"அடடே, சூச்சோ! நீ செத்துட்டேன்னு சொன்னாங்களே," என்றாள்.

"செத்திருந்தா இந்தக் காப்பியைக் குடிக்கிற தலையெழுத்து இருந்திருக்காது பெபா. ரெண்டு காப்பி, நாலு குரோக்கெட்டா குடு."

டிவியில் ரென்ஸோவின் முகம் வந்தது. 'இன்று மாலை, இராய்தாவுக்குப் பிரியாவிடை' என்று கறுப்புப் பட்டையில் எழுத்து ஓடியது. அடுத்த நொடி உள்ளிருந்து மாவு படிந்த ஒரு கை நீண்டு ரிமோட்டை அழுத்தியது. சத்தம் நின்றது. ரென்ஸோ போய்க் கார் விளம்பரம் வந்ததும் அதே கை சத்தத்தைத் திருப்பி வைத்தது.

"ஏம்மா, என் வானிலைக்காரன் அழறதை நிம்மதியாப் பாக்க விட மாட்டீங்களா?" என்றார் சூச்சோ.

"என் கடை, என் டிவி," என்றாள் பெபா. "அழுகை வேணும்னா உன் வீட்டுக்குப் போய் அழு."

விரல் நீளத்துக்கு மாவில் உருட்டிப் பொரித்த குரோக்கெட்டா வந்தது. சூச்சோ ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெபா, நான் டாக்சி ஓட்டின காலத்துலேர்ந்து உன் கடைல திங்கறேன். அச்சுல வார்த்தாப்பல இருக்கும். இது என்ன? ஒண்ணு சுட்டுவிரல், இன்னொண்ணு உருளைக்கிழங்கு. உனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சா, இல்ல புது ஆளா?"

பெபா துணியை எடுத்து ஏற்கனவே சுத்தமாயிருந்த பலகையைத் துடைத்தாள். மகாலி காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். வலைத்தொப்பி போட்ட ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இராய்தா," என்றாள் மெதுவாக.

உருட்டிய கை நின்றது.

பெபாவின் கையில் எங்கிருந்தோ ஒரு கத்தி முளைத்தது. "யாருடி நீ?"

"இவங்க புருஷன் அனுப்பின ஆள்."

"தாயி, இந்த ஒரு தடவையாவது பொய் சொல்லியிருக்கலாமே," என்றார் சூச்சோ, பெபாவின் கத்தியைப் பார்த்தபடி.

"அனுப்பினது அவன்தான். நான் எங்க போய் நிக்கணும்னு அவன் முடிவு பண்றதில்லை," என்றாள் மகாலி. "அவங்க வீட்டு ஃப்ரீசரைப் பாத்துட்டுத்தான் வரேன்."

அந்தப் பெண் திரும்பினாள். விளம்பரப் பலகைகளில் ரென்ஸோவின் தோளில் சாய்ந்து சிரித்த முகம்தான். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியிருந்தது.

"கத்தியை வை பெபா," என்றாள் இராய்தா. "அதைப் பாத்தவங்க கிட்ட மறைக்க ஒண்ணும் இல்லை."

சமையலறைக்குள் மூன்று பேருக்குத்தான் இடம். சூச்சோ ஜன்னலில் நின்று காவல் காத்தார். இராய்தா மாவுக் கையைத் துடைக்காமலே பேசினாள்.

"டிக்கெட் அவன்தான் குடுத்தான். கல்யாண நாளுக்குப் பரிசாம். அவன் விளம்பரத்துல நடிக்கிறதுக்காக 'நாளைக்கே தீவு'க்காரன் ஓசில குடுத்த ரூம். நான் கேட்டேன், லியோனோர் வருதாமேன்னு. டிவியப் பாருன்னான். அன்னிக்கு ராத்திரி அவன் டிவில சொன்னதைக் கேட்டுட்டுத்தான் தூங்கினேன். காலைல வழிக்குக் கொஞ்சம் ஐஸ் எடுத்துக்கலாம்னு ஃப்ரீசரைத் திறந்தேன்."

"காசு இருந்தது."

"இருந்தது. பதினேழு வருஷமா அவனோட குடித்தனம். புயல் வரும்னு அவனுக்கு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான் அந்தக் கப்பை வெப்பான். மத்தவங்க டிவில வானிலை பாப்பாங்க. நான் எப்பவும் ஃப்ரீசர்ல பாப்பேன். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை."

"அப்புறமும் இங்க வரைக்கும் வந்தீங்க?"

"அவன் என்னைச் சாகவா அனுப்புவான்னு நம்ப முடியலை. ஏதாவது தப்பா இருக்கும்னு நினைச்சேன். பெட்டியைப் போட்டுட்டு வரிசைல நின்னேன். மனசு கேக்கலை. என் முன்னாடி நின்னு பேர் சொல்லிக் கதை பேசினவங்க கிட்ட சொன்னேன், என் புருஷன் வீட்ல காசு வெச்சிருக்கான், போகாதீங்கன்னு." இராய்தா விரலில் காய்ந்த மாவை உரித்தாள். "சிரிச்சாங்க. ரென்ஸோ வால்டிவியா பொண்டாட்டியா, அப்ப அவரையே கேளுங்கன்னாங்க. நானும் சரின்னு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். அவனுக்கு ஒரு வாய்ப்பு குடுத்தேன்மா. 'ரென்ஸோ, அங்க எப்படி இருக்கும்?'னு மட்டும்தான் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'கண்ணாடி மாதிரி இருக்கும் கண்ணு, போய்ட்டு வா.' அவங்க எல்லாரும் கை தட்டினாங்க. தட்டிட்டு ஏறிட்டாங்க." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குக் கால் நகரலை. பெபா வந்து கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டா."

"கவுண்டர்ல இருக்கிற தம்பியும் எல்லாத்தையும் கேட்டான்," என்றாள் பெபா. "கேட்டுட்டு விமானத்தை அனுப்பினான். அதான் இப்ப வாயே வரலை அவனுக்கு."

மகாலிக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இங்கே சொல்லியிருக்க மாட்டாள். "இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

"செத்தவளாவே இருந்துட்டுப் போறேன். அவனுக்கும் அதான் வசதி. பெபாவுக்கு ஆர்லாண்டோல ஒரு அக்கா இருக்கா."

"தாயி," என்றார் சூச்சோ ஜன்னலிலிருந்து. குரலில் கேலி இல்லை. "இதைக் கொஞ்சம் பாரு."

டிவியில் 'நாளைக்கே தீவு' விளம்பரம். நீலக் கடல், வெள்ளை மணல், பாதி விலை. கீழே ஓடிய எழுத்தில், அட்லாண்டிக்கில் அடுத்த புயல் உருவாகிக்கொண்டிருப்பதாகச் செய்தி. விளம்பரத்தின் முடிவில் ரென்ஸோவின் பழைய படம் தோன்றிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. துக்கத்திலிருக்கும் மனுஷனின் கட்டைவிரலை எடுக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை, அல்லது மனமில்லை.

சூச்சோ பார்க்கச் சொன்னது அதையல்ல. கவுண்டரைக் காட்டினார். அங்கே ஐந்தாறு பேர் வைக்கோல் தொப்பியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் கணவனின் கழுத்தில் வெயில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். இன்னொரு தீவுக்கு.

இராய்தா ஜன்னல் வழியே அவர்களை வெகுநேரம் பார்த்தாள்.

"சொன்னா சிரிப்பாங்க," என்றாள்.

"உங்க வாயால சொன்னா சிரிப்பாங்க," என்றாள் மகாலி. "இன்னிக்குச் சாயங்காலம் ஊரே அவன் வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கும்."

இராய்தா வலைத்தொப்பியைக் கழற்றி மாவுப் பலகையின் மேல் வைத்தாள். பெபா தன்னுடைய நல்ல மேல்சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஸ்டூடியோவில் ஒப்பனை அறை. ரென்ஸோவின் கண்ணுக்குக் கீழே ஒரு பெண் கருநிழல் தீட்டிக்கொண்டிருந்தாள், தூங்காதவனைப் போலத் தெரிவதற்காக. கழுத்தில் கருநீல டை. டையின் நடுவில் கடுகு சைஸில் ஒலிவாங்கி.

"கிடைச்சாங்களா மேடம்?"

"கிடைச்சாங்க. உங்க மனைவி வரிசைல நின்னதைப் பாத்த ஆள். பக்கத்துலயே இருந்து எல்லாத்தையும் பாத்தவங்க."

ரென்ஸோ நீளமாக மூச்சு விட்டான். துக்கத்தில் விடும் மூச்சுக்கும் பாரம் இறங்கியதும் விடும் மூச்சுக்கும் உள்ள வித்தியாசம் மகாலிக்குத் தெரியும். "அப்ப ஏறிட்டா."

"கையோட கூட்டிட்டு வந்திருக்கேன். நீங்களே கேளுங்க. கேமரா முன்னாடியே கேட்டாலும் சரி, அவங்க பேசத் தயார்."

"லைவ்லயா?" கருநிழலுக்கு மேலே அவன் கண்கள் பளிச்சிட்டன. "கடைசியா அவளைப் பாத்த ஆள். நான் எதிர்ல நின்னு கேக்கறேன். நான் எதிர்பாக்காத மாதிரி வரட்டும். முன்னாடியே எனக்குக் காட்டாதீங்க. அழுகை இயல்பா வரணும்."

"அப்படியே செய்யலாம்," என்றாள் மகாலி. கதவுக்கு வெளியே வந்து சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"வாந்தியா தாயி?" என்றார் சூச்சோ.

"வந்தா நல்லா இருக்கும். வர மாட்டேங்குது."

விளக்குகள் எரிந்தன. ரென்ஸோ மெழுகுவர்த்திகளின் நடுவில் நின்று பேசினான். கடலைப் பற்றிப் பேசினான், காதலைப் பற்றிப் பேசினான், இயற்கைக்கு முன்னால் மனிதன் ஒன்றுமில்லை என்றான். கேமராக்காரன் மூக்கை உறிஞ்சினான். "என் இராய்தாவைக் கடைசியாப் பாத்த ஒருத்தர் இங்க வந்திருக்காங்க," என்று குரலைத் தழுதழுக்கவிட்டான். "யாருன்னு எனக்கே தெரியாது. வாங்க. தயவுசெஞ்சு வாங்க."

பெபாவின் மேல்சட்டை தோளில் தொங்க, இராய்தா வெளிச்சத்துக்குள் நடந்து வந்தாள்.

ஸ்டூடியோவில் யாரோ வீறிட்டார்கள். ரென்ஸோவின் முகம் மறுபடியும் காலியானது. அதே கறுத்த திரை. மகாலி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஓடுவானா, உளறுவானா, மயங்கி விழுவானா?

அவன் எதுவும் செய்யவில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தான்.

"அற்புதம்!" என்று கத்தினான். "கடவுளே! என் இராய்தா! உயிரோட வந்துட்டா!"

கண்ணீர் ஆறாக ஓடியது. இந்த முறை கைக்குட்டைகூட வேண்டியிருக்கவில்லை. ஓடி வந்து அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டான். ஸ்டூடியோ முழுக்கக் கைதட்டியது. கேமரா நெருங்கி வந்தது. ஒரு நொடியில் கொலைகாரன் அதிர்ஷ்டக்காரன் ஆகிவிட்டான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தன் பாயை விரித்துக்கொள்ளத் தெரிந்தவன். நாளைக்கு ஊர் முழுக்க இந்தப் படம்தான். அப்புறம் இவள் என்ன சொன்னாலும் அதிர்ச்சியில் புத்தி பேதலித்தவள் என்று தலையைத் தடவிக் கொடுப்பார்கள். மகாலிக்கு உறைத்தது. தான்தான் இவளை இவன் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம்.

"தாயி, நாம என்ன காரியம் பண்ணிட்டோம்!" என்றார் சூச்சோ.

இராய்தா அவனைத் தள்ளவில்லை. திமிறவில்லை. அவன் முதுகில் கைகளைக் கோத்துக்கொண்டு, கருநீல டையின் மேல் முகத்தைப் புதைத்தாள். பார்த்தவர்களுக்கு அழுகிறாள் என்றுதான் தோன்றியது. அவள் உதடுகள் ஒலிவாங்கியைத் தொட்டுக்கொண்டிருந்தன. பதினேழு வருஷமாக அதை அவன் சட்டையில் மாட்டியும் கழற்றியும் விட்டவள்.

"நீ சொன்னதை நம்பி ஏறினவங்க பேர் சொல்றேன் ரென்ஸோ," என்றாள். தாழ்ந்த குரல்தான். ஆனால் கூரையிலிருந்த ஒலிபெருக்கியிலும், பெபாவின் கடையிலும், ஊரிலுள்ள அத்தனை வீடுகளிலும் அது அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. "புயல் வரும்னு தெரிஞ்சே, போன்ல 'கண்ணாடி மாதிரி இருக்கும்'னு சொன்னியே, அதைக் கேட்டுக் கை தட்டினவங்க. நர்ஸ் ஓட்டிலியா பாஸ்தோ. அவங்க அம்மா செலெஸ்தே."

கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த ரென்ஸோவின் கை அந்தரத்தில் நின்றது. அவன் விலகப் பார்த்தான். அவள் விடவில்லை. மேடைக்குப் பக்கத்திலிருந்து யாரோ 'கட் பண்ணு, கட் பண்ணு' என்று கையை ஆட்டினார்கள். கேமராக்காரன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யூனியோர் லெமுஸ். அவன் கட்டிக்கப்போற பொண்ணு மார்லெனி. இன்னும் மோதிரம்கூட மாத்தலை அவங்க."

"இராய்தா, போதும்," என்றான் ரென்ஸோ, உதட்டை அசைக்காமல். அதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது.

சூச்சோ தொப்பியைக் கழற்றினார். இராய்தா அடுத்த பெயரைச் சொன்னாள்.